ஏறாத ரத்தம்

ஒரே அடுப்பில் வெந்த சோறு. ஒரே சட்டியில் கொதித்த கீரைக் குழம்பு. வாழவந்தி சுகாதார நிலையத்தில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள் அதைச் சாப்பிடுகிறார்கள். ஒருத்திக்கு ரத்தம் ஏறுகிறது. இன்னொருத்திக்கு ஏறவில்லை.

ஏன்?

வெண்ணிலாவுக்குப் புரியவில்லை. நீட் தேர்வுக்காக ரத்தத்தைப் பற்றி ஒரு பாடம் முழுக்க மனப்பாடம் செய்தவள் அவள். சிவப்பணு எங்கே பிறக்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தன்னுடைய சிவப்பணு மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

செவிலியர் ரூபி, உள்ளங்கையில் அடங்கும், ரத்த அளவு காட்டும் கருவியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"பத்து புள்ளி ரெண்டு. போன தடவையும் அதேதான். உங்க அண்ணியைப் பாரு, ஒம்பதுல இருந்தவ பத்தரைக்கு வந்துட்டா. வயித்துல ஒரு புள்ளைக்கும் சேர்த்து ரத்தம் ஊறணும் அவளுக்கு. உனக்கு என்ன கேடு?"

பக்கத்து பெஞ்சில் ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அண்ணி புஷ்பலதா, உச்சுக்கொட்டினாள். "பாவமுங்க சிஸ்டர். அத்தையே காத்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு கையில வெச்சுக் குடுக்கறாங்க."

ரூபி விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். முதலில் கொக்கிப்புழு. காபித் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வழியே உள்ளே போய், குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதற்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது. அடுத்து மாதவிலக்கு. அதிகம் போவதில்லை. மூன்றாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டு, "போகுதுங்க" என்றாள்.

"அப்ப மாத்திரையை வீசறதில்ல. உள்ளேதான் போகுது. சரி, எதோட…"

"சிஸ்டர், என்ற காலைக் கொஞ்சம் பாருங்க. நேத்திலிருந்து வீங்கிக் கெடக்குது" என்று புஷ்பலதா சேலையை உயர்த்தினாள். ரூபி அங்கே திரும்பினார். அன்று தடுப்பூசி நாள். அதன்பிறகு குழந்தைகளின் அழுகையில் வெண்ணிலாவின் ரத்தம் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

அவளுக்கு மறக்க முடியாது. ராணுவ மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடம் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லூரியின் கணக்கு எளிமையானது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் ராணுவத்தின் செலவு. பதிலுக்கு, டாக்டரான பிறகு அதிகாரியாகச் சேர்ந்து, அவர்கள் அனுப்பும் இடத்தில் பல வருஷம் வேலை பார்க்க வேண்டும். பனிமலையோ பாலைவனமோ, கேட்கக் கூடாது. அதனால்தான் மாணவியைச் சேர்க்கும்போதே சிப்பாயைச் சோதிப்பது போல உடம்பைச் சோதிக்கிறார்கள். போன மாதம் புனேயில் அவள் கண் தேறியது, காது தேறியது, பல்லும் பாதமும் தேறின. ரத்தம் தேறவில்லை. மறுபரிசோதனைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பெங்களூரில், இன்னும் மூன்று வாரத்தில்.

எஸ்டேட் தொழிலாளி மகளுக்கு டாக்டராக வேறு வழி எதுவும் இல்லை. அரசுக் கல்லூரிக்கு அவள் மதிப்பெண் எட்டவில்லை. தனியார் கல்லூரியின் வாசலைக்கூட அவள் பார்த்ததில்லை.

*

வீடு திரும்பியபோது மணி பதினொன்று. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. மற்ற நாட்களில் இந்நேரம் வெண்ணிலா ஒண்டிக்கடைச் சந்திப்பில், ஜெராக்ஸ் கடை வேலையில் நின்றுகொண்டிருப்பாள். பரிசோதனைக்காக இன்று லீவு. அதனால்தான் இத்தனை வாரமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தாள்.

புஷ்பலதா ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். தன் சிவப்பு மாத்திரையை வாயில் போட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு விதையை எடுத்து வெளியே வீசினாள்.

"என்னங்க அண்ணி, எலுமிச்சைத் தண்ணியிலயா மாத்திரை போடறீங்க?"

புஷ்பலதாவின் கை ஒரு கணம் நின்றது. "மசக்கை கண்ணு. புளிப்புக் கேக்குது."

ஆறாம் மாதத்தில் மசக்கையா?

வெண்ணிலா பின்பக்கம் போனாள். பாடம் படித்த பழக்கம் அவளுக்கு உதவியது. இரண்டு பேருக்கும் எது எது ஒன்று என்று கழித்துக்கொண்டே வந்தாள். சோறு ஒன்று, கழிந்தது. குழம்பு ஒன்று, கழிந்தது. மாத்திரை ஒன்று, கழிந்தது. மீதி நின்றது, மாத்திரையோடு உள்ளே போகும் தண்ணீர். அண்ணிக்கு எலுமிச்சைச் சாறு. அவளுக்கு? காலையும் மாலையும் அம்மா ஆற்றிக் கொடுக்கும் கெட்டிக் காபி.

கொய்யா மரத்தடியில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ரூபிக்குப் போன் போட்டாள்.

"காப்பியோடவா போடறே?" ரூபியின் குரல் எகிறியது. "அடிப் பாவி! காப்பி, டீ ரெண்டும் கூடாதுன்னு மாத்திரை குடுத்த அன்னைக்கே சொன்னேனே."

"என்கிட்டச் சொல்லலீங்க சிஸ்டர். அன்னைக்கு நான் கடையில இருந்தேன்."

"உன்கிட்ட இல்லம்மா, புஷ்பலதாகிட்ட. ரெண்டு பேர் மாத்திரையையும் அவதான் வாங்கிட்டுப் போனா. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொல்லி வேற கேட்டேன். ஒழுங்காச் சொன்னாளே!"

ரூபி விளக்கினார். மாத்திரையில் இருக்கும் இரும்பு, குடலின் சுவரைத் தாண்டினால்தான் ரத்தத்தில் சேரும். காபியில் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அது இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிடியை விடாமல் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். கறுப்பாக வெளியே போனது அந்த இரும்புதான். புளிப்பு இதற்கு நேர் எதிர். அது இரும்பைக் கரைத்து வைத்து, உள்ளே போக வழி செய்யும்.

"மாத்திரை வயித்துக்குப் போச்சு, ரத்தத்துக்குப் போகல. அவ்வளவுதான் சங்கதி. உங்க அண்ணி மறந்துட்டாளோ என்னமோ…"

தனக்கு மறக்காதவள், எனக்கு மட்டும் எப்படி மறந்தாள்?

*

மத்தியானம் அப்பா தனபாலும் அண்ணன் அருண்குமாரும் சாப்பிட வந்தார்கள். தட்டைப் போட்டுக்கொண்டே இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள் வெண்ணிலா. தானாக இப்படி மறைக்கும் துணிச்சல் அண்ணிக்கு இல்லை. இவர்களில் யார் அவள் வாயை மூடியது?

"என்ன புள்ள, ஏறுச்சா?" என்றார் தனபால்.

"இல்லீங்கப்பா."

"ராணுவத்துக்கே உன்ற ரத்தம் புடிக்கலையாக்கும். நம்ம காட்டு அட்டைக்குத்தான் அது புடிக்கும் போல." தன் நகைச்சுவையைத் தானே மெச்சிச் சிரித்தார். "எஸ்டேட்டுல பேர் எழுதற சூசைமாணிக்கம் ரைட்டரு இன்னிக்கும் கேட்டாரு. உன்ற பேரைச் சொல்லி வெச்சிருக்கறேன். பெங்களூரு போயி இன்னொருக்கா அவமானப்பட்டுட்டு வா. அப்பறம் கூடையை எடு."

"ஒரு ஸ்டெதஸ்கோப் வேணுமின்னா சொல்லு" என்றான் அருண்குமார், வாய் நிறையச் சோற்றோடு. "ஏரிக்கரைப் பொம்மைக் கடையில தொங்குது. வாங்கித் தர்றேன். ஊட்டுல மாட்டிக்கிட்டுச் சுத்து."

இந்தப் 'பேர்' விவகாரம், லயன் வீட்டில் இருப்பவர்களுக்கு உயிர் விவகாரம். வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பேராவது நிரந்தர வேலைப் பதிவில் இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். பேர் போனால் வீடும் போகும். பதிவில் இருப்பது தனபாலின் பேர். வரும் தை மாதம் அவருக்கு ஓய்வு. அம்மா காவேரிக்கு நாள்கூலி, அது கணக்கில் வராது. கர்ப்பிணியைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். மிஞ்சியது பிள்ளைகள் இரண்டு பேர். அருண்குமார் ஒண்டிக்கடையில் ஜீப் ஓட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு மலையைக் காட்டுகிறவன். மிளகுக் கொடி கட்ட அவனைக் கேட்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஆகவே வெண்ணிலா.

பேசுவதைப் பேசிவிட்டு இருவரும் கைகழுவிக்கொண்டு போனார்கள். அண்ணியின் வாயை மூடியது இவர்கள் இல்லை என்று வெண்ணிலாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முகத்துக்கு நேரே இப்படி மிதிக்கிறவர்களுக்கு, மறைவாகக் காபி ஊற்ற வேண்டிய அவசியம் ஏது?

*

துணி துவைக்கும் கல்லருகே புஷ்பலதாவை மறித்தாள்.

"ரூபி சிஸ்டர்கிட்டப் பேசினேன் அண்ணி."

புஷ்பலதா கையிலிருந்த துணியைப் பிழிந்தபடியே இருந்தாள். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்தாள்.

"எதுக்குங்க என்கிட்டச் சொல்லல?"

"சொல்லலாமுன்னுதான் வந்தேன்." புஷ்பலதா நிமிரவில்லை. "அத்தை கேட்டாங்க, சிஸ்டரு என்ன சொன்னாங்கன்னு. சொன்னேன். வெண்ணிலாகிட்டச் சொல்லாதேன்னுட்டாங்க."

"அம்மாவா?"

"பின்ன யாரு? தெனமும் காப்பி யாரு கையில வாங்கறே?"

 நீட் தேர்வுக்குப் பணம் கட்டத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தது அம்மா. புனேக்கு ரயிலேறும்போது கட்டுச்சோறு கட்டி, இட்டேரிப் பாதை முனைவரை நடந்து வந்து அழுதது அம்மா.

"பொய் சொல்றீங்க."

"எனக்கென்ன கெடக்குது பொய் சொல்ல? அத்தை சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்க. 'நாம போவேண்டாமுன்னு சொன்னா, காலத்துக்கும் புள்ள நம்மளைத் திட்டுவா. ராணுவமே வேண்டாமுன்னு சொல்லீட்டா நம்ம மேல பழி வராது. வெஷமா குடுக்கறோம்? காப்பிதானே குடுக்கறோம்.' இதான் சொன்னாங்க. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுது. தையில ஊட்டைக் காலி பண்ணச் சொன்னா, கைப்புள்ளையோட நான் எங்க போயி நிக்கட்டும்?"

 வெண்ணிலா பேசியபோது குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம் அவளுக்கே புதிது.

"பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும் அண்ணி. பன்னெண்டு இருக்கறவங்களுக்குப் போனா மயக்கம் வரும், பொழைச்சுக்குவாங்க. ஒம்பது இருக்கறவங்களுக்குப் போனா, மொதல்ல கை கால் சில்லுனு ஆகும். அப்பறம் தாகமெடுக்கும். இங்கிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. எத்தனாவது வளைவு வரைக்கும் தாங்குவீங்கன்னு தெரியாது."

"எதுக்கு கண்ணு இப்பிடியெல்லாம்…"

"நாளையிலிருந்து உங்க சோத்துலயும் குழம்புலயும் தண்ணியிலயும் ரெண்டு கரண்டி டிகாஷன் ஊத்தட்டுமா? வெஷமா? காப்பிதானே."

புஷ்பலதா வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்க்க வெண்ணிலாவுக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று திடுக்கிடவும் செய்தாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எனக்குத் தெரியுமுன்னு தெரிஞ்சா, காப்பியை விட்டுட்டு வேற ஏதாச்சும் தேடுவாங்க."

புஷ்பலதா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொல்லமாட்டேன். ஆனா எனக்கும் ஒண்ணு வேணும். நீ பெங்களூரு போறதுக்குள்ள உங்கண்ணன் பேரை எஸ்டேட்டுல பதிய வெச்சுட்டுப் போ."

"அண்ணனையா? ஜீப்பை விட்டுட்டு வருவாரா?"

"அது உன்ற பாடு. என்னை மெரட்டத் தெரிஞ்சவளுக்கு அவரை மெரட்டத் தெரியாதா? இல்லீன்னா நீ பஸ் ஏறுற அன்னிக்கே அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடுவேன். உங்கப்பன் கையெழுத்துப் போடாம உன்னை எவன் சேத்துக்குவான்? அதையும் பாத்துக்க."

"சரி, பதிய வெக்கறேன்" என்றாள் வெண்ணிலா. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

*

மாலையில் காவேரி காபிக் காட்டிலிருந்து வந்தாள். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாள். முகம் கழுவினாளோ இல்லையோ, நேரே அடுப்படிக்குப் போனாள். தூளைக் கொதிக்கவிட்டு, வெல்லம் போட்டு, டம்ளருக்கும் சட்டிக்குமாக ஆற்றினாள். உள்ளங்கையில் சிவப்பு மாத்திரையோடு மகளின் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏறலையாமா? உங்கண்ணி சொன்னா. நீ எதுக்கும் மனசை உடாதே சாமி. அம்மா இருக்கறேன் இல்ல? இந்தா, போட்டுக்க."

வெண்ணிலா மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் வேலை செய்து வெடித்திருந்தன. அந்த விரல்களைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்தது. ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். அம்மாவாகச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

"ஏம்மா, இந்த மாத்திரையைக் காப்பியோட போடலாமா?"

காவேரி கண் இமைக்கவில்லை. "ஏன், எல்லாரும் அப்பிடித்தான் போடறாங்க. சூடாக் குடிச்சாத்தான் உள்ள போயிக் கரையும். ஆறிப்போறதுக்குள்ள குடி கண்ணு."

"ஒருவேளை பெங்களூருலயும் ஏறலீன்னா?"

"ஏறலீன்னா என்ன? அந்தக் கடவுள் வேண்டாமுன்னு நெனைக்கறான்னு இருந்துக்க வேண்டியதுதான். என்ற கண்ணு முன்னால இருப்பே. அது போதும் எனக்கு." காவேரியின் குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பில் பொய் இல்லை. அதுதான் வெண்ணிலாவால் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா அவளை உண்மையாகவே நேசித்தாள். அந்த நேசத்தோடுதான் தினம் இரண்டு வேளை காபி ஆற்றினாள்.

வெண்ணிலா கையை வாய்க்குக் கொண்டுபோனாள். மாத்திரை விரலிடுக்கிலேயே நின்றது. தலையை அண்ணாந்து, காபியை ஒரு மடக்கு விழுங்கினாள். தொண்டை அசைவதைக் காவேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேம்மா." முழு டம்ளரையும் குடித்து முடித்தாள். "காப்பி நொம்ப நல்லா இருக்குது."

காவேரி முந்தானையால் மகளின் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டாள்.

டம்ளரைக் கழுவும் சாக்கில் வெண்ணிலா வெளியே வந்தாள். பனியில் எதிர் லயன்கூடத் தெரியவில்லை. மாத்திரையைத் துடைத்து, துணித்துண்டில் சுற்றி, பாவாடை நாடாவில் முடிந்துகொண்டாள். பெங்களூர் வரையிலான மூன்று வாரத்துக்கும் வழியைத் தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அண்ணன் பேரைப் பதிய வைப்பது தனி வேலை. ரத்தத்துக்குச் சண்டை வேண்டியதில்லை, அழுகை வேண்டியதில்லை.

அம்மா தரும் காபியைக் குடிக்க வேண்டும். அம்மா தரும் மாத்திரையை விழுங்கக் கூடாது. அதை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், காலைக் காபியும் மத்தியானச் சாப்பாடும் எட்டாத பதினொரு மணிக்கு ஒன்று, மாலைக் காபி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக ஒன்று, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போட்டுக்கொள்ள வேண்டும்.